அம்மா இறங்கிய கிணறு

எங்கள் பட்டியில் யாருடைய வேலிக்குள் நுழைந்தாலும் அம்மா முதலில் வாசலில் நின்று குரல் கொடுப்பாள்.

"நான்தான் வர்றேன். பால மூடிக்கோங்க!"

உள்ளே இருக்கும் பெண்கள் அவசரமாகச் சுரைக்குடுக்கைகளின் வாயைத் தோலால் மூடுவார்கள். கறந்துகொண்டிருப்பவள் மடியை மறைத்து முதுகைத் திருப்பிக்கொள்வாள். எல்லாம் மூடியாயிற்று என்று தெரிந்த பிறகு அம்மா உள்ளே போய் வந்த காரியத்தைப் பேசுவாள். அவள் குரலில் வருத்தமும் இருக்காது, கோபமும் இருக்காது. மழை வருகிறது, காயப்போட்ட தோலை உள்ளே எடுங்கள் என்று சொல்கிற மாதிரிதான் சொல்வாள்.

அம்மாவின் பெயர் நபெயோ. அவள் கண் பொல்லாதது என்பது பட்டியின் தீர்ப்பு. நான் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள், பெரியப்பாவின் மனைவி நாக்வாங் வளர்த்த கன்றுக்குட்டியைப் பார்த்து "என்ன அழகு" என்று சொல்லிவிட்டாளாம். மறுநாள் கன்று வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன்மார் இருவரும் தங்கவில்லை. அதையும் கன்றின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். எல்லைக்கு அப்பாலுள்ள துர்கானாக்காரர்கள் எங்கள் மாடுகளைக் கவர்ந்துபோக வந்தபோது நடந்த சண்டையில் அப்பா இறந்தார். வழக்கப்படி அவருடைய தம்பிகளில் ஒருவர் அம்மாவைத் தன் மனைவியாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை. பெரியப்பா மட்டும் தன் வேலிக்குள் ஓர் ஓரமாகக் குடிசை போட இடம் கொடுத்தார். நான் கப்போயேட்டா நகரத்துப் பள்ளியை விட்டு வந்து அம்மாவோடு தண்ணீர் இறைக்கச் சேர்ந்தது அந்தக் கோடையில்தான்.

கோடையில் எங்கள் ஆறு வெறும் மணல். மணலைத் தோண்டிக்கொண்டே போனால் ஈரம் வரும், பிறகு ஊற்று வரும். பெரியப்பாவின் கிணறு ஆழமானது. பக்கச் சுவரில் படிகள் வெட்டி, மணல் சரியாமல் முள்கொம்புகளைச் செருகி வைத்திருப்பார்கள். படிக்கு ஒரு பெண்ணாக ஒருத்தி தலைக்கு மேல் ஒருத்தி நின்று, கீழேயிருந்து வரும் குடுக்கையை வாங்கி மேலே கொடுக்க வேண்டும். மேலே மரத்தொட்டி. தொட்டியைச் சுற்றி மாடுகள்.

இதில் அடியில் நிற்பவள் இடம்தான் பெரிய இடம். ஊற்றில் கால் வைத்து நிற்பவள் அவள். தண்ணீரை முதலில் தொடுவது அவள் கை. அந்த இடம் கிணற்றுக்காரரின் மனைவியான நாக்வாங் பெரியம்மாவுக்கு உரியது. அம்மாவை எப்போதும் நடுப்படியில் நிறுத்துவார்கள். அங்கே நின்றால் ஊற்றும் கண்ணில் படாது, மாடும் கண்ணில் படாது. மண்சுவரைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்கக் குடுக்கை மாற்றுவாள்.

போதகர் லொச்சாம் எங்கள் பக்கம் வரத் தொடங்கியது அதற்கடுத்த வருஷம். அவரும் எங்களைப்போல் தொப்போசா இனத்தவர்தான், ரிவோத்தோ ஊர்ப் பக்கத்துக்காரர். சண்டைக் காலத்தில் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடி, அகதி முகாமில் வளர்ந்து படித்தவர். மோட்டார் சைக்கிளில் வருவார். ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, வெயிலில் வைத்தால் பேசும் ஒரு சின்னப் பெட்டியைத் திறப்பார். அதில் வேதத்தின் கதைகள் எங்கள் பேச்சிலேயே வரும். முதல் நாள் கேட்க வந்தவர்கள் நாலைந்து பெண்கள்தான். அம்மா வழக்கம்போல் தூரத்திலிருந்தே, "நான் வர்றேன், பால மூடிக்கோங்க" என்றாள். போதகர் கையில் அப்போது ஒரு குடுக்கை மோர் இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், குடுக்கையைப் பார்த்தார், அதை நீட்டினார்.

"மூடுறதுக்கு என்கிட்ட மூடி இல்லம்மா. நீங்க குடிச்சு முடிச்சிட்டா மூட வேண்டிய வேலை இருக்காது."

அம்மா குடித்தாள். மீதியை அவர் குடித்தார். அவருக்கு வயிற்று வலி வருகிறதா என்று அடுத்த இரண்டு வாரமும் பெண்கள் ரகசியமாக விசாரித்தார்கள். வரவில்லை. அந்த மரத்தடியில் மட்டும் யாரும் அம்மாவுக்கு முன்னால் பாலை மூடுவதில்லை என்பது மெல்ல மெல்ல வழக்கமாகிவிட்டது.

அவர் வரத் தொடங்கிய மூன்றாவது கோடையில் அம்மா ஞானஸ்நானம் கேட்டாள். எங்கள் பட்டியில் அதுவரை யாரும் எடுத்ததில்லை. போதகருக்குச் சந்தோஷம். தான் வர முடியாத மாதங்களில் அம்மாவே ஜெபத்தை நடத்தலாம், பெட்டியையும் அவளிடமே விட்டுவிடுவதாகச் சொன்னார். ஒரே சிக்கல் தண்ணீர். அவர் சபையில் தலையில் தெளிப்பது கிடையாது, முழுகித்தான் எடுக்க வேண்டும். மழை வரட்டும் என்றால், நாங்கள் இன்னும் இரண்டு நாளில் மலையோரப் புல்லுக்குக் கிளம்புகிறோம். அங்கே மோட்டார் சைக்கிள் வராது.

"தண்ணி பெரியவர் கெணத்துல இருக்கு" என்றாள் அம்மா. "போய்க் கேப்போம்."

பெரியப்பா வேலமர நிழலில் தன் சின்ன மணைமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் வயதுக்காரர் லொப்போர் புகையிலை மென்றுகொண்டிருந்தார். ஆண்கள் உட்காரும் நிழலுக்குள் பெண்கள் போகக்கூடாது என்பதால் நானும் அம்மாவும் வெயிலிலேயே நின்றோம். போதகர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

பெரியப்பா போதகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கப்பன எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "ஒத்தை ஆளாப் போயி ஒரு மந்தையவே மடக்கிட்டு வருவான். அவன் மகன் நீ, பொம்பளைங்களக் குளிப்பாட்ட வந்திருக்க."

போதகர் சிரித்தார். "அப்பா மாட்ட மடக்குனாரு ஐயா. நான் மனுஷங்கள மடக்குறேன். இது அதவிடக் கஷ்டம்."

"சரி, எங்க மனுஷங்கள்ல வேற ஆளே கெடைக்கலயா உனக்கு? போயும் போயும் நபெயோவா?" என்றார் லொப்போர். "அவள ஊத்துக்குள்ள எறக்குனா ஊத்து பயந்து மலைக்கே திரும்பிப் போயிரும்."

"அப்பக் கெணத்த எத வெச்சு மூடுறது?" என்று வேறு யாரோ கேட்க, நிழலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

பெரியப்பா மணையைக் கொஞ்சம் நகர்த்தி அம்மா இருந்த பக்கம் திரும்பினார். அம்மாவோடு நேராகப் பேசமாட்டார், காற்றைப் பார்த்துப் பேசுவார். "நான் தடுத்தேன்னு யாரும் சொல்லவேண்டாம். எறங்கட்டும். முழுகட்டும். அப்புறம் அதே தண்ணிய எறச்சு என் லொகோரிக்கு வெக்கட்டும். மாடு குடிச்சா, மலையிலயும் என் வேலிக்குள்ளயே உங்க கூட்டத்த நடத்திக்கோங்க. ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். மாடு மூஞ்சியத் திருப்புச்சுன்னா, இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. நீயும் இந்த ஆத்துப் பக்கம் வரக்கூடாது."

லொகோரி அவருடைய எருது. ஒட்டகச்சிவிங்கிபோல் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகப் பழுப்பு. ஒரு கொம்பு முன்னாலும் ஒரு கொம்பு பின்னாலும் வளையும்படி சின்னதிலேயே தட்டிப் பழக்கியிருந்தார். வயதுக்காரர்கள் அவரை அபாலொகோரி, லொகோரியின் அப்பன், என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

"மனுஷன் பொய் சொல்லுவான், மாடு சொல்லாது" என்றார்.

"சரி மூத்தாரே" என்றாள் அம்மா, அவர் முடிப்பதற்குள்.

திரும்பி வரும் வழியில் போதகர் நடையை நிறுத்திவிட்டார்.

"கொஞ்சம் யோசிச்சிருக்கலாமேம்மா. ஞானஸ்நானத்தக் கொண்டுபோயி மாட்டு வாயில வெச்சிட்டீங்களே."

"எங்க ஊர்ல எல்லாமே மாட்டு வாயிலதான் இருக்கு போதகரே. கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாம். முகாம்ல இருந்துட்டு வந்ததால உங்களுக்கு அது சின்ன விஷயமாத் தெரியுது."

"எனக்கும் சின்ன விஷயமில்ல. அதான் பயமா இருக்கு. அது குடிக்கலேன்னா, உங்க கண்ணுதான்னு சாகுற வரைக்கும் சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா. "தாகம் எடுத்தா மாடு குடிக்கும். நடங்க."

எனக்கு அவளைப்போல் நடக்க முடியவில்லை. இதுவரை ஊருக்கு ஒரு கன்றுதான் சாட்சி, அதுவும் பழைய கதை. நாளைக்கு லொகோரி தலையைத் திருப்பினால் மொத்தப் பட்டியும் கண்ணாலேயே பார்த்துவிடும். அதன் பிறகு புளியமரத்தடியும் இல்லை. மலைக்குப் போனாலும், எங்கே போனாலும், அம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மறுநாள் வெயில் ஏறியபோது கிணற்றைச் சுற்றிப் பட்டியே கூடிவிட்டது. ஜெபத்துக்கு வரும் பெண்கள் விடியற்காலையிலேயே வந்து ஊற்றை அகலமாகத் தோண்டி, உட்கார்ந்தால் மார்பளவு தண்ணீர் நிற்கும்படி செய்திருந்தார்கள். போதகர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் ஒரு வாசனை வந்து இறங்கியது.

நாக்வாங் பெரியம்மா மூக்கைச் சுளித்தாள். "யாருடி இது, பூந்தோட்டத்த முழுங்கிட்டு வந்தவன்?"

"இன்னிக்கு முக்கியமான நாளாச்சே" என்றார் போதகர் கூச்சத்தோடு. "நல்லா சோப்பு போட்டுக் குளிச்சேன்."

"தெரியுது, தெரியுது. கென்யா வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

பெரியம்மாவுக்குப் புளியமரக் கூட்டம் பிடிக்காது. கன்றை இழந்தவள் அவள்தானே. ஆனால் புருஷன் வார்த்தை கொடுத்துவிட்டதால் தன் இடத்தைக் காலிசெய்து மேலே ஏறி வந்தாள். "சீக்கிரம் முடிங்க. மாடெல்லாம் நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தொட்டியோரப் படியில் நின்றுகொண்டாள். நான் அவளுக்குக் கீழ்ப்படியில் நின்றேன்.

அம்மா கழுத்து மணிகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உடம்பில் இருந்த எண்ணெயை மணலால் தேய்த்தெடுத்தாள். பிறகு இறங்கத் தொடங்கினாள். படியில் நின்ற பெண்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். ஒருத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த படியில் இருந்தவள் அம்மா தோளைத் தொட்டு அனுப்பினாள். தனக்குப் பழகிய நடுப்படியை அம்மா நிற்காமல் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"அடியம்மா! என்னா குளிர்ச்சி! இத்தன வருஷமா இத நீங்க மட்டும் அனுபவிச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

மேலே நின்ற ஆண்களில் ஒருவர் சிரித்துவிட்டு, பெரியப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

போதகர் இறங்கும்போது சுவரிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. கொம்புகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டு இறங்கினார். அடியில் அவர் வெள்ளைச் சட்டைதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவை உட்காரச் சொன்னார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று அவர் சொன்னது கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. அம்மா தண்ணீருக்குள் போனாள். வெளியே வந்தாள். தும்மினாள். ஜெபப் பெண்கள் படிகளில் நின்றபடியே பாடத் தொடங்க, கிணறே பாடுவதுபோல் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்ததை மணிகளைப் பிடித்த கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

"ஆச்சா?" என்றாள் பெரியம்மா. "குடுக்கைய அனுப்புங்க."

அம்மா மேலே வரவில்லை. அவள்தான் அடியில் இருக்கிறாள், முதல் குடுக்கையை அவள்தான் மொண்டு கொடுத்தாள். கைமாறிக் கைமாறி வந்த தண்ணீரைப் பெரியம்மா தொட்டியில் ஊற்றினாள். தொட்டி நிறைந்ததும் லொகோரியை விட்டார்கள். கழுத்து மணி அசைய, அது தனக்காகவே கூட்டம் கூடியிருக்கிறது என்பதுபோல் மெதுவாக நடந்து வந்தது. பெரியப்பா கைத்தடியைப் பிடரியில் குறுக்கே வைத்து இரண்டு கைகளையும் அதன்மேல் போட்டுக்கொண்டு, வாயை இறுக்கி நின்றார்.

எருது தொட்டியில் மூக்கை வைத்தது. புஸ் என்று ஊதியது. தலையை நிமிர்த்திக்கொண்டது.

இன்னொரு முறை குனிந்தது. மீண்டும் நிமிர்ந்தது. குடிக்கவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றார் லொப்போர். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்கள். கண்ணு. அவ கண்ணு.

போதகர் அதற்குள் மேலே ஏறி வந்திருந்தார். உடம்பெல்லாம் நனைந்து, முழங்காலில் சிராய்ப்போடு, நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றார்.

"ஐயா, தப்பு என்னோடது. அந்தம்மா மண்ணுல தேச்சு சுத்தமா எறங்குனாங்க. நான்தான் சோப்பு நாத்தத்தோட ஊத்துல எறங்கிட்டேன். சோப்புத் தண்ணிய எந்த மாடு குடிக்கும்? என் வயசுல இத யோசிச்சிருக்கணும்."

லொப்போர் எழுந்து வந்து போதகரின் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். கக்கத்திலும் முகர்ந்தார். "ஆமாப்பா. என் மாடா இருந்தாலும் ஓடிப்போயிரும்" என்றார். கூட்டம் சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் நியாயத்தைத் தள்ளவும் இல்லை.

"எறச்சுக் கொட்டுங்க. புதுத் தண்ணி ஊறட்டும். இவன் காத்துக்குக் கீழ்ப்பக்கமாப் போயி நிக்கட்டும்."

போதகர் தூரமாகப் போய்ப் புதர் ஓரம் ஈரச் சட்டையோடு நின்றார். நாங்கள் இறைத்தோம். ஜெபத்துக்கு வருகிறவள், வராதவள் என்று பார்க்க நேரமில்லை. காத்திருக்கும் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன, கிணறு காலியானால்தான் அவற்றுக்கும் தண்ணீர். வந்த தண்ணீரையெல்லாம் பெரியம்மா மணலில் கொட்டினாள். கொட்டும்போதெல்லாம் யாரையாவது திட்டினாள். சோப்பைத் திட்டினாள், கென்யாவைத் திட்டினாள், வார்த்தை கொடுத்த புருஷனைத் திட்டினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கீழேயிருந்து அம்மா ஒருமுறைகூட நிறுத்தவில்லை. ஊற்றைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். கலங்கல் வந்தது, பிறகு மணல் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. தொட்டியைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். பெரியம்மாவே முதல் வாய் குடித்துப் பார்த்தாள்.

"பூ வாசன போயிருச்சு" என்றாள். "மாட்ட விடு."

லொகோரி வந்தது. வாயை நனைத்தது. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. பிறகு தலையைத் தூக்கி அப்படியே நின்றது.

இந்த முறை சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சோப்பு போய்விட்டது. தண்ணீர் புதிது. அந்தத் தண்ணீரில் மிச்சம் இருந்தது அம்மாவின் கையும் காலும்தான். போதகர் தூரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"குடிச்சுதா?" என்று கீழேயிருந்து அம்மா கேட்டாள்.

என்னைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் லொகோரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, குடிச்சுதா?"

லொகோரி கத்தியது. நீளமாக, தொண்டை வறண்ட கத்தல். தண்ணீர் அதன் மூக்குக்கு நேர் கீழே இருக்கிறது. அதுவோ தண்ணீரை விட்டுவிட்டுப் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு கத்தியது.

பெரியம்மா கையில் இருந்த குடுக்கையைத் தரையில் வைத்தாள். இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், பாடேன்."

"என்ன?" என்றார் பெரியப்பா.

"அது தண்ணியப் பாக்கலய்யா, உன்னப் பாக்குது. கன்னுக்குட்டியா இருந்த நாள்லருந்து உன் பாட்டு இல்லாம அது ஒரு வாயி குடிச்சிருக்கா? நாள் தவறாம உன் கழுதைக் குரலக் கேட்டுக் கேட்டு என் காதே தேஞ்சுபோச்சு. இன்னிக்குப் பாத்து வாயத் தச்சு வெச்சிருக்க! நான் இங்க தோள் கழண்டு ஊத்திக்கிட்டு இருக்கேன், துரை நியாயம் பாத்துக்கிட்டு நிக்குறாரு."

எங்கள் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். தொட்டியில் மாடு குனிந்தால் அதன் நிறத்தைப் பாடுவார்கள், கொம்பைப் பாடுவார்கள், சீட்டியடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் மாடு வாயை இறக்கும். தினமும் காதில் விழுகிற சத்தம் என்பதால், அன்றைக்கு அது இல்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பெரியப்பா வேண்டுமென்றே பாடாமல் இருந்தாரா, நியாயம் பார்க்கிறவன் பாடக்கூடாது என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

"பாடுனா அது பாட்டுக்காகக் குடிச்சதா ஆயிருமே" என்றார் லொப்போர். "அபாலொகோரி, பாடாத. பந்தயம் பந்தயம்தான்."

"நேத்து இதே கெணத்துல, இவ நடுப்படியில நிக்கிறப்ப, உன் மாடு எதுக்குக் குடிச்சுது?" என்று பெரியம்மா அவர் மேல் பாய்ந்தாள். "நீயும் பாடித்தான குடிச்சுது? அன்னன்னிக்கு இருக்குற மாதிரிதான இன்னிக்கும் இருக்கணும்? பாட்ட எடுத்துட்டா அது என்ன நியாயம்? உன் புகையில வாயக் கொஞ்சம் மூடு."

லொகோரி மறுபடி கத்தியது. முன்னங்கால் ஒன்றை மடக்கி மணலைச் சீய்த்தது. அதன் விலா உள்ளே வாங்கியிருந்தது. காலையிலிருந்து அதற்கு ஒரு சொட்டு இல்லை, அதுவும் அவர் வைத்த பந்தயத்துக்காகத்தான்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். கண்ணைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். எருதை மட்டும் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். கடைசியில் அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். பிடரியில் இருந்த தடி கீழே இறங்கியது.

முதலில் குரல் வரவில்லை. காறித் துப்பிவிட்டு மறுபடி தொடங்கினார். உன் முதுகில் மேகம் மேய்கிறது, உன் கொம்பில் ஒன்று காலையைக் காட்டுகிறது, ஒன்று மாலையைக் காட்டுகிறது என்று பாடினார். கரகரத்த குரல், பெரியம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டாவது அடி முடிவதற்குள் லொகோரி தலையை இறக்கியது. வாயைத் தண்ணீருக்குள் வைத்தது. உறிஞ்சியது. அதன் தொண்டை ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் பாடிக்கொண்டே பக்கத்தில் போய் அதன் திமிலில் கை வைத்தார். அது குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. தொட்டியின் அடிமரம் தெரிந்தது.

"பாட்டு கேக்குதே!" என்று கிணற்றுக்குள்ளிருந்து அம்மா கத்தினாள். "அப்ப இன்னும் தண்ணி வேணுமா?"

"வேணும், வேணும்!" என்று கத்தியது நான்தான். அத்தனை பேர் முன்னால் என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது தொட்டியையும் பாதி குடித்துவிட்டுத்தான் லொகோரி நிமிர்ந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தது.

"பாட்டுக்குக் குடிச்சுதா, தண்ணிக்குக் குடிச்சுதா?" லொப்போர் விடவில்லை.

"தண்ணியத்தான குடிச்சுது? பாட்டையா குடிச்சுது?" என்றார் பெரியப்பா. "நான் சொன்ன வார்த்த சொன்னதுதான்." பிறகு போதகர் நின்ற திசையைப் பார்த்துச் சத்தமாக, "மலையில என் வேலிக்குள்ள வாசலுக்கு வலப்பக்கம் எடம் விடச் சொல்றேன். பேசுற பெட்டிய மாடு மிதிக்காம பாத்துக்கறது அவங்க பாடு" என்றார்.

போதகர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். முழங்கால் சிராய்ப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் மற்ற மாடுகள் தொட்டியை நெருக்கத் தொடங்கிவிட்டன. ஆண்கள் தடியை வீசிக்கொண்டு அவரவர் மாட்டை வரிசைப்படுத்தினார்கள். ஆளுக்கொரு பாட்டு எழுந்தது. பெரியம்மா தன் இடத்துக்குப் போவதற்காகக் கிணற்று விளிம்புக்கு வந்து, இரண்டு படி இறங்கி, எட்டிப் பார்த்தாள். கீழே அம்மா முழங்கால் தண்ணீரில், தலையில் மணலோடு, அடுத்த குடுக்கையைத் தயாராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பவில்லை.

"ஏறி வரட்டுமா அக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"எதுக்கு? இவ்வளவு தூரம் நான் எறங்கணும், நீ ஏறணும், மாடெல்லாம் அதுவரைக்கும் கத உக்காந்து கேக்குமா?" பெரியம்மா திரும்பி என்னைத் தாண்டி மேல்படிக்கு ஏறினாள். "எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. மலைக்குப் போனாலும் அடிக்கெணறு நீயே பாத்துக்க. நான் மேல நின்னு ஊத்துறேன்."

அம்மா குனிந்து மொள்ளத் தொடங்கினாள். குடுக்கைகள் வரத் தொடங்கின. ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், விளிம்பு வரை நிறைந்து வந்தன. என் கையிலிருந்து ஒன்று போவதற்குள் அடுத்தது வந்து இடித்தது. பெரியம்மாவால் ஊற்ற முடியவில்லை.

"அடியே நபெயோ, மெதுவா!" என்று கத்தினாள். "மேல நிக்கிறவங்களும் மனுஷங்கதான்!"